வெள்ளணுக்களில் நொதிகளின் கூட்டுச் செயல்

பெங்களூரின் தென்பகுதியில், ஓசூர் சாலையை ஒட்டி அமைந்துள்ள பொம்மனஹள்ளி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் மிகுந்த பகுதியாகும். இங்குப் பணிபுரியும் ஒருவர் ஆஸ்துமாவிற்காக மருத்துவரை நாடினால், மருந்துச் சீட்டில் 'மான்டெலுகாஸ்ட்' என்ற பெயர் இடம்பெறக்கூடும். அம்மாத்திரையின் பயனை உணர, இரத்த வெள்ளணுக்களில் நிகழும் ஓர் உற்பத்தித் தொடரை அறிதல் வேண்டும்.

தொடரின் படிகள்

வெள்ளணு தூண்டப்பெறும்போது அதனுள் கால்சியத்தின் அளவு உயர்கிறது. உடனே பாஸ்போலிபேஸ் ஏ2 என்னும் நொதி, சவ்வுகளிலுள்ள கொழுப்பிலிருந்து அராக்கிடோனிக் அமிலத்தைப் பிரிக்கிறது. இம்மூலப்பொருளை இரு நொதிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. சைக்ளோ ஆக்சிஜனேஸ் வழியாகப் புராஸ்டகிளாண்டின்கள் தோன்றுகின்றன. 5-லிப்பாக்சிஜனேஸ், துணைப் புரதம் ஒன்றின் உதவியுடன், லூக்கோட்ரையீன் ஏ4 என்ற பொருளை உண்டாக்குகிறது. நியூட்ரோஃபில் வகை வெள்ளணுவில் இது பி4 ஆக மாறி, மேலும் வெள்ளணுக்களை வரவழைக்கிறது. இயோசினோஃபில் வகையில் சி4 ஆகிறது. அதிலிருந்து தோன்றும் டி4 மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. டி4 சென்று பற்றும் ஏற்பியையே மான்டெலுகாஸ்ட் அடைக்கிறது.

இவ்விரு வழிகளும் தனித்தனியே இயங்குவன அல்ல. புராஸ்டகிளாண்டின் ஈ2 லூக்கோட்ரையீன் உற்பத்தியை மட்டுப்படுத்துகிறது. ஆஸ்பிரின் முதல் வழியை அடைப்பதால் இக்கட்டுப்பாடு தளர்கிறது. ஆஸ்துமா நோயாளிகளுள் சிலருக்கு அதனால் மூச்சிரைப்பு மிகுகிறது. மேலும், நியூட்ரோஃபில் வெளிவிடும் ஏ4-ஐ இரத்தத் தட்டணுக்கள் ஏற்று, சி4 ஆகவும், அழற்சியைத் தணிக்கும் லிப்பாக்சினாகவும் மாற்றவல்லவை.

மைசூர் தரும் பாடம்

தொடரின் முதற்படியையே தடுத்தால் என்ன? ஈஸ்வரமூலி நாட்டு மருத்துவத்தில் பாம்புக்கடிக்குப் பயன்பட்ட மூலிகை. இவ்வினத் தாவரங்களில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம், கண்ணாடிவிரியன் நஞ்சிலுள்ள பாஸ்போலிபேஸ் ஏ2-உடன் வினைபுரிவதை மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ். விஸ்வநாத், டி.வி. கௌடா ஆகியோர் 1987-இல் வெளியிட்டனர். 1989-இல் விஸ்வநாத் பங்கேற்ற மற்றோர் ஆய்வு, மனித நியூட்ரோஃபில்களில் அவ்வமிலத்தின் விளைவை ஆராய்ந்தது.

ஆயினும் அது மருந்தாகவில்லை. 1993-இல் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காக மூலிகை மருந்து உட்கொண்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதுற்ற செய்தி வெளிவந்தது. அம்மருந்தில் கலந்திருந்த இவ்வமிலமே காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இன்று அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என வகைப்படுத்தப்பட்டுள்ளது.

ஒரு நொதியைத் தடுப்பது வேறு, நோயாளிக்கு நன்மை செய்வது வேறு. மூலிகை மருந்துகளுக்கு உரிமம் வழங்குவோரும், அவற்றை ஆராயும் மாணவரும் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. நீண்டகாலப் புழக்கம் ஆய்வுக்குத் தூண்டுதலாகலாம், பாதுகாப்பிற்குச் சான்றாகாது.