எல்லா மக்களுக்கும் ஓர் ஆலயம்



ஆலயக் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்வது எளிது. உள்ளே வந்தவர் எங்கே அமர்கிறார், யார் போதிக்கிறார், யார் தீர்மானிக்கிறார் என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1944-ஆம் ஆண்டு தோன்றிய ஒரு சபையின் வரலாறு இதனை நன்கு உணர்த்துகிறது. அவ்வரலாற்றின் வேர்களில் ஒன்று நமது கொழும்பு நகரில் இருக்கிறது.

கொழும்பில் எழுந்த கேள்வி

ஹவார்ட் தேர்மன் 1899-இல் புளோறிடா மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். பப்திஸ்து சபைப் போதகர். அவருடைய பாட்டியார் அடிமையாக இருந்தவர். எழுத்தறியாத அம்மூதாட்டிக்கு வேதாகமம் வாசித்துக் காட்டுவது பேரனின் வேலை. ஆனால் புனித பவுலின் நிருபங்களில், அன்பைப் பற்றிய அதிகாரத்தைத் தவிர வேறெதையும் வாசிக்க அவர் விடுவதில்லை. அடிமைகள் எசமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பவுலின் வார்த்தைகளையே எசமானின் போதகர் அடிமைகளுக்குத் திரும்பத் திரும்பப் பிரசங்கித்து வந்தாராம்.

1935-இல் தேர்மன் தம் துணைவியாருடனும் வேறிருவருடனும் இலங்கை, பர்மா, இந்தியா ஆகிய நாடுகளுக்கு நல்லெண்ண யாத்திரை வந்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் அவர் பேசி முடித்ததும், சட்டம் கற்ற இந்து அன்பர் ஒருவர் அவரைத் தனியே அழைத்துக் கேட்டார்: உம் முன்னோரைப் பிடித்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், அடிமைக் கப்பலொன்றின் பெயரே இயேசு, இன்றும் உம் மக்களை ஒதுக்கும் கிறிஸ்தவத்தின் சார்பில் நீர் எப்படி இங்கே வந்து நிற்கிறீர்?

தாம் பின்பற்றுவது ஒடுக்கப்பட்டோருடன் நின்ற இயேசுவை என்று தேர்மன் பதிலளித்தார். ஆயினும் கேள்வி அவரை விடவில்லை. 1936-இன் தொடக்கத்தில் கைபர் கணவாயில் நின்றபோது, இன வேற்றுமையைக் கடந்த ஒரு வழிபாட்டுக் கூட்டுறவு நடைமுறையில் இயலுமா என்பதைச் சோதித்தே பார்க்க வேண்டும் என்ற உறுதி அவருள் பிறந்தது.

பிஸ்க் எழுதிய கடிதம்

அச்சோதனைக்கு வழி திறந்தவர் அல்பிரட் பிஸ்க் என்னும் வெள்ளையர். அவர் தத்துவப் பேராசிரியர். பிரெஸ்பிற்றேரியன் சபைக் குருவானவர். மூப்பர் குழுக்களால் ஆளப்படும் இச்சபை ஸ்கொத்லாந்தில் வேரூன்றியது. கொழும்பிலுள்ள ஸ்கொட்ஸ் கேர்க் ஆலயம் அம்மரபைச் சேர்ந்ததே.

போர்க்காலத்தில் கப்பற் பட்டறை வேலை தேடிக் கறுப்பின மக்கள் சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரண்டு வந்தனர். 1940-இல் அந்நகரில் 4,846 பேராக இருந்த அவர்கள் 1950-இல் 43,502 பேர் ஆயினர். மறுபுறம் யப்பானிய வழியினர் 1942-இல் வீடுவாசலை விட்டு அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். புதிய சபைக்குப் பிரெஸ்பிற்றேரியன் சபை கொடுத்த முதல் இடமே, அவ்வாறு அகற்றப்பட்ட யப்பானிய விசுவாசிகள் வழிபட்ட ஆலயம் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி. ஒருவரை ஒதுக்கியதால் வெறுமையான இடத்தில்தான் எவரையும் ஒதுக்காத சபை தொடங்கிற்று.

தம்மோடு சமநிலையில் பணியாற்றக் கறுப்பினப் போதகர் ஒருவரைத் தேடிப் பிஸ்க் எழுதிய கடிதம் தேர்மனுக்குக் கிடைத்தது. வாஷிங்டனிலுள்ள ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் சிற்றாலயத் தலைவராக உயர்ந்த பதவி வகித்த அவர், வேறொருவரைச் சிபார்சு செய்வதோடு நிற்காமல் தாமே புறப்பட்டு, 1944 யூலையில் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு ஒக்ரோபரில் சபை முறைப்படி தொடங்கியது. வெள்ளையர் ஒருவரும் கறுப்பினத்தவர் ஒருவரும் இணைப் போதகர்களாக நின்றனர்.

உதவியை விட்ட துணிவு

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. பிரெஸ்பிற்றேரியன் சபை இடமும் பணமும் நல்ல மனத்துடனேயே கொடுத்தது. ஆனால் பெரிய சபையொன்றின் உதவியில் வாழ்ந்தால், இது ஏழைப் பகுதிக்குரிய மிஷன் நிலையமாகிவிடும். கொடுப்பவர் ஒருபுறம், பெறுபவர் மறுபுறம் என்றாகிவிடும் எனத் தேர்மன் அஞ்சினார். ஆகவே சில காலத்தின் பின் சபையார் அவ்வுதவியை நன்றியோடு விட்டு, தம் காணிக்கையிலேயே நிற்கத் துணிந்தனர். 1949-இல் லார்க்கின் வீதியில் தமக்கென ஓர் ஆலயத்தைப் பெற்றனர். தேர்மன் 1953-இல் பொஸ்ரன் பல்கலைக்கழகப் பணிக்குச் சென்றபின்னும் சபை நிலைத்தது.

விசுவாசக் கொள்கையில் அச்சபை நம்மிலிருந்து பல வகையில் வேறுபடுகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அது கற்பிக்கும் பாடம் நமக்கும் உரியது. விருந்தினர் என்றும் வீட்டார் என்றும் பிரிந்திருக்கும்வரை எவ்வளவு அன்பாக வரவேற்றாலும் அது ஒரே குடும்பம் ஆகாது. இனம், நிறம், வாழ்க்கை நிலை காரணமாக மனிதரை வேறுபடுத்துவது கிறிஸ்துவின் மனத்துக்கு முரணானது என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் தெளிவாகக் கூறியுள்ளது.

குடும்பமாகச் சிந்திக்க

1. கொழும்பில் தேர்மனிடம் கேட்கப்பட்ட கேள்வியை, சாதியைச் சுட்டி ஒருவர் நம்மிடம் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

2. நம் பங்கில் வேலைக்கு அழைக்கப்பட்டும், தீர்மானிக்கும்போது அழைக்கப்படாதோர் உண்டா?

3. நம் வீட்டுப் பந்தியில் எவரையேனும் பிந்தி அமர்த்துகிறோமா?

பிள்ளைகள் முன்னிலையில் இக்கேள்விகளுக்கு விடை காண முயல்வோமாக.