பொதுப் பொதிகளைப் பேணும் முறை

பாறசாலையை அடுத்த எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றிலே ஒரு படிப்பகம் உண்டு. தமிழ் நூலும் மலையாள நூலும் அங்கே ஒரே அலமாரியில் தோளோடு தோள் உரசி நிற்கும். 2024ஆம் ஆண்டு ஓண விடுமுறையில் நானும் நண்பர் இருவரும் அப்படிப்பகத்திற்கென்று இரண்டு கைப்பேசிச் செயலிகளைச் செய்தோம். ஒன்று வாசகர் நூல் தேடுவதற்கு. மற்றொன்று நூலகர் கொடுக்கல் வாங்கல் பதிவதற்கு. ஒருமுறை எழுதினால் ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ். ஆகிய இருவகைக் கைப்பேசிகளிலும் இயங்கவல்ல ரியாக்ட் நேட்டிவ் என்னும் கட்டமைப்பை இதற்குக் கைக்கொண்டோம். ஃபேஸ்புக் நிறுவனம் 2015இல் வெளியிட்டது அது.

இரு மொழி நூற்பெயர்களையும் அகரவரிசைப்படுத்திக் காட்டுவது இரண்டு செயலிகளுக்கும் பொதுவான வேலை. ஒன்றையே இருமுறை எழுதுவானேன்? அதனைத் தனியே பிரித்து ஒரு 'பேக்கேஜ்' ஆக்கினோம். இக்கட்டுரையில் அதனைப் பொதி என்றே வழங்குவேன். பிறர் எழுதிய பொதிகளை நம் செயலி நம்பி நிற்பதைச் சார்பு எனலாம். எங்கள் பொதியும் ரியாக்ட் என்னும் மற்றொரு பொதியைச் சார்ந்தது. செயலிகளும் அதனையே சார்ந்தவை. வினை விளைந்தது இங்கேதான்.

தொடக்க நாளன்று நூலகர் தம் பழைய பதிவேட்டை மூடி அலமாரி மேல் வைத்தார். ஓய்வு பெற்ற பள்ளியாசிரியர் அவர். நாற்பது பேருக்கு முன்னே எங்கள் சொல்லை நம்பி அதைச் செய்தார். செயலியைத் தொட்டோம், திறந்த மாத்திரத்தில் மூடிக்கொண்டது. மறுபடியும் தொட்டோம், மறுபடியும் அவ்வாறே. அவர் ஒன்றும் சொல்லாமல் பதிவேட்டைத் திரும்ப எடுத்தார்.

மடிக்கணினியில் பார்த்தபோது 'இன்வேலிட் ஹூக் கால்' என்றொரு செய்தி. ஹூக் என்பது திரையின் ஒவ்வொரு பகுதியும் தன் நிலையை நினைவில் வைத்துக்கொள்ள ரியாக்ட் தரும் கருவி. அதன் உள்வேலை இது: திரையை வரைகின்ற பகுதி ஒவ்வொரு கூற்றையும் வரையத் தொடங்குமுன், ஹூக்குகள் நாட வேண்டிய இடத்தை ரியாக்டிடம் குறித்து வைக்கும். ஹூக் வந்து அக்குறிப்பைப் படிக்கும். செயலிக்குள் ரியாக்ட் ஒரே படியாக இருந்தால் இடரில்லை. எங்கள் செயலியிலோ இரண்டு படிகள் புகுந்திருந்தன. ஒன்றில் குறிப்பு எழுதப்பட்டது. எங்கள் பொதி மற்றொன்றைத் திறந்து பார்த்தது. அங்கே வெறும் ஏடு.

இதனை நூலகரிடம் விளக்கியபோது, "மக்களே, ரெண்டு நோட்டு வச்சா அப்பிடித்தான் ஆகும். ஒண்ணுல எழுதி இன்னொண்ணுல தேடுனா கிடைக்குமா?" என்றார். நான் ஒரு பக்கத்தில் சொல்லியதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இரண்டு படி எப்படி வந்தது? முந்தின இரவு நண்பர் பொதியைப் புதுப்பித்தார். பொதியின் கோப்புறைக்குள் ரியாக்டை நிறுவவே, அன்றைய புதிய பதிப்பாகிய 18.3.1 அதன் சார்புப் பட்டியலில் ஏறியது. செயலிகளோ ரியாக்ட் நேட்டிவ் 0.74இல் அமைந்தவை, அது வேண்டுவது 18.2.0. பொதிகளைக் கொணர்ந்து வைக்கும் என்.பி.எம். என்னும் கருவி, 2015இல் வந்த தன் 3ஆம் பதிப்பு முதலே, கூடியமட்டும் ஒவ்வொரு பொதியையும் மேல்தட்டில் ஒருமுறை வைக்கிறது. எண்கள் இசையாவிடில், கேட்டவரின் கோப்புறைக்குள்ளேயே மற்றொரு படியை வைத்துவிட்டு வாளாவிருக்கும். பெரும்பாலான பொதிகளுக்கு அதனால் இடம் வீணாவதன்றி வேறு கேடில்லை. ரியாக்ட் போல் நினைவை வைத்துக்கொள்ளும் பொதிக்கு அது நஞ்சு. எங்கள் சோதனைகள் பொதியை மட்டும் தனியே சோதித்தன; அங்கே ஒரே படிதானே! ஆகவே எல்லாம் தேறின.

மருந்து எளிது. பொதியின் பட்டியலில் ரியாக்டைச் சார்பு என்று எழுதாமல் 'பியர்' சார்பு என்று எழுத வேண்டும். "எனக்கு ரியாக்ட் வேண்டும், ஆனால் நானே கொண்டுவர மாட்டேன், என்னை அழைத்தவர் வைத்திருப்பதையே பயன்படுத்துவேன்" என்பது அதன் பொருள். பொதியைத் தனியே சோதிப்பதற்கு வேண்டிய படியை ஆக்கச் சார்பில் குறிக்கலாம். அதன் எண்ணும் செயலியின் எண்ணாகவே இருக்கட்டும். பின்னர் 'என்.பி.எம். எல்.எஸ். ரியாக்ட்' என்று கட்டளையிட்டால் எத்தனை படி, யார் கேட்டு வந்தது என்று கிளை கிளையாகக் காட்டும். 2020இல் வந்த 7ஆம் பதிப்பு முதல் என்.பி.எம். பியர் சார்பையும் தானே நிறுவுகிறது. முரண்பட்டால் மறுத்து நிற்கிறது. அம்மறுப்பை அடக்கவும் ஒரு கட்டளை உண்டு. நம் மாணவர் பலர் பழக்கத்தால் அதனையே இட்டுவிடுகின்றனர். எச்சரிப்பவன் வாயைப் பொத்துவதற்கு ஒப்பானது அது.

கேமரா போன்ற, கைப்பேசியின் சொந்த மொழியில் எழுதப்பட்ட பகுதியுடைய பொதிகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். செயலியின் சொந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ரியாக்ட் நேட்டிவ்வின் தானிணைப்பு அவற்றைக் காணும். பொதுப் பொதியின் பட்டியலில் மட்டும் எழுதினால் போதாது.

கூகுளின் ஃபிளட்டர் கட்டமைப்பு வேறு வழி செல்கிறது. அதன் பொதியாளும் கருவியாகிய பப், ஒரு செயலிக்குள் எப்பொதிக்கும் ஒரு பதிப்பையே அனுமதிக்கும். எல்லார்க்கும் இசைந்த எண் கிட்டாவிடில் வேலையே தொடங்காது. தொடக்கத்தில் எரிச்சலூட்டும், எனினும் நாற்பது பேர் முன்னிலையில் தலைகுனிவதைவிட அறையில் தனியே எரிச்சலுறுவது மேல் என்பேன்.

பொதி வருமிடமும் நம் கையில் இல்லை. நெய்யாற்று இடதுகரைக் கால்வாயை நம்மவர் அறிவர். 1956இல் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. அணை கேரளத்தில் நின்றது. 2004இல் விளவங்கோட்டுக்குத் தண்ணீர் வருவது நின்றுபோயிற்று. மதகு ஓரிடம், வயல் ஓரிடம். 2016 மார்ச் 22 அன்று பொதியுலகிலும் அஃதே நேர்ந்தது. ஒரு பெயர்த் தகராறில் மனம் நொந்த ஆசிரியர் ஒருவர் என்.பி.எம்.மிலிருந்து தம் பொதிகளை எல்லாம் நீக்கினார். அவற்றுள் லெஃப்ட்-பேட் என்பது 11 வரி. சொல்லின் இடப்புறம் இடைவெளி நிரப்புவதே அதன் வேலை. அதைச் சார்ந்த பேபல் முதலிய கருவிகளை நிறுவ முடியாமல் உலகெங்கும் வேலை நின்றது. அன்றே அதனை மீட்டுவைத்தனர். நீக்கும் உரிமையையும் பின்னர்க் கட்டுப்படுத்தினர்.

ஆதலின் நாங்கள் இப்போது ஒவ்வொரு பொதியின் சரியான எண்ணையும் பதியும் பூட்டுக்கோப்பை மூலநிரலோடு சேர்த்தே காக்கிறோம். அதில் உள்ளதை உள்ளவாறே நிறுவும் 'என்.பி.எம். சி.ஐ.' கட்டளையையே ஆள்கிறோம். சிறு பொதியானால் நாமே எழுதிவிட முடியாதா என்று முதலில் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டு வாரம் கழித்துச் செயலி ஓடியது. நூலகர் பதிவேட்டை இன்னும் மேசையடியிலேயே வைத்திருக்கிறார். எடுத்துவிடுங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை.