டார்ச்சை அணைத்துவிடுங்கள்!

எனது அலுமினிய மலை சைக்கிளின் ஃபிரேம் விரிசல் விட்டதால் வெல்டிங் வைத்தேன். எங்கள் ஊர் பெல் ஆலையில் குழாய்களை வெல்டிங்குக்குப் பின் சூடாக்குவதுபோல், நானும் கேஸ் டார்ச்சால் சூடு காட்டலாமா? பவுடர் கோட்டிங் தாங்குமா?
— வாசகர், திருமயம்

டார்ச் வேண்டவே வேண்டாம். அங்கே சூடாக்குவது எஃகை. வெல்டிங்கால் ஏறிய இறுக்கம் தளர்வதற்காக. அலுமினியத்தில் ஓரிடத்தில் மட்டும் சூடு காட்டினால் அந்த இடம் இன்னும் மெத்தென்று ஆகிவிடும். எஃகைப்போல் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிடும்.

ஃபிரேமில் அலுமினியக் கலவை எண் 6061 என்றிருந்தால், முழு ஃபிரேமையும் உலையில் சுமார் 530 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, உடனே தண்ணீரில் அமிழ்த்தி, கோணல் நிமிர்த்தி, பிறகு 175 டிகிரியில் எட்டு மணி நேரம் வைக்க வேண்டும். அப்போதுதான் வெல்டிங்கில் இழந்த பலம் திரும்பும். 7005 என்றால் 530 டிகிரிச் சூடும் தண்ணீர்க் குளியலும் தேவையில்லை. குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்தாலே போதும்.

பவுடர் கோட்டிங் தாராளமாகச் செய்யலாம். 180-200 டிகிரியில் கால் மணி நேரம் ஒன்றும் செய்யாது. பழைய பெயின்ட்டைக் காஸ்டிக் சோடாவில் மட்டும் ஊறவைக்காதீர்கள், அலுமினியத்தையே அரித்துவிடும். கிராங்க் அச்சு ஏறும் மரைகளை மூடச் சொல்லுங்கள்.

விரிசல் ஹேண்டில்பார் கழுத்தில் என்றால், தம்பி, ஃபிரேமையே மாற்றிவிடுங்கள்.