தமிழ்நாட்டு அரசு இலச்சினையில் பண்டைய அரசுகளின் எச்சம்

தற்காலத் தேசிய, மாநில அடையாளங்கள் பண்டைய அரசுகளின் எச்சங்களைத் தெரிந்தெடுத்துப் புதுப்பொருள் ஏற்றுகின்றன. 1949இல் சென்னை மாகாண அரசு ஏற்று, இன்று தமிழ்நாட்டு அரசுக்குரியதாகத் தொடரும் இலச்சினை இதற்குத் தக்க சான்றாகும்.

அதில் கோபுரத்தின் முன் சாரநாத்து அசோகத் தூணின் சிங்கமுகடு அமைந்துள்ளது. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அசோகரின் 2ஆம், 13ஆம் பெரும்பாறைக் கல்வெட்டுகள் சோழரையும் பாண்டியரையும் அவர்தம் ஆட்சி எல்லைக்கு அப்பாற்பட்டோராகவே குறிக்கின்றன. ஆகவே, மோரியர் ஆளாத நிலத்தின் கோபுரத்தோடு மோரியச் சிங்கங்கள் இணைந்தமை பண்டைய அரசியல் உறவன்று. விடுதலை பெற்ற இந்தியா உருவாக்கிய உறவாகும்.

மூவேந்தரின் வில், புலி, கயல் ஆகிய பொறிகள் இதில் இடம்பெறாமையும் நோக்கத்தக்கது. கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குரியது என்பது பெருவழக்கு; மதுரை மேலைக் கோபுரம் என்பாரும் உளர். எவ்வாறாயினும், ஒரு குடியின் பொறி அக்குடியையே சுட்டும். பல மரபினர் திருப்பணி செய்த கோயிலோ நிலம் முழுமைக்கும் பொதுவாகும். பெருவழக்கின்படி, செட்டியார்பட்டி, இராசபாளையம் வட்டாரத்தார்க்கு அண்டை ஊர்க் கோயிலாக விளங்கும் கோபுரமே அரசு ஆவணங்களில் மாநிலத்தின் குறியாகவும் நிற்கிறது. வேந்தர் மறைந்தபின் அடையாளமாக எஞ்சுவது ஆட்சியெல்லை அன்று. மக்கள் புழங்கும் இடமே என்பது இதனால் பெறப்படும்.