கிழிந்த துண்டையும் கொண்டு வா

கோவை செல்வபுரத்தில் நாற்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கும் மாமா கடிதம் எழுதுகிற ஆளில்லை. கணக்கு நோட்டில் எடை எழுதுவதோடு சரி. பெங்களூருவில் நகை வடிவமைக்கும் தங்கை மகள், தகட்டை மடித்து உருவம் எடுக்கும் இரண்டு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டதாகச் சொன்னதும், அதே நோட்டில் நாலு தாள் கிழித்து எழுதி அனுப்பியிருக்கிறார்.

“கண்ணு, ஒரு ஜோடி கம்மலோட திரும்பணும்னு போகாதே” என்றுதான் தொடக்கம். அவசரமாக ஒரு நகையை முடிப்பவர் தமக்கு ஏற்கெனவே வருகிற வேலையைத்தான் செய்துவிட்டு வருவார் என்பது அவர் கட்சி.

மருமகள் கற்கப்போகும் முறையை 1980களில் உருவாக்கியவர் கனடா நாட்டு உலோகக் கலைஞர் சார்லஸ் லூட்டன்-பிரெய்ன். 1991இல் இதற்காக ரோலக்ஸ் விருதும் பெற்றார். கடிகாரக் கம்பெனி மடித்த தகட்டுக்குப் பரிசு கொடுத்தது மாமாவுக்கு வேடிக்கையாக இருக்கிறது. முறை என்னவோ எளிதுதான். தகட்டை இரண்டாக மடித்து, மடித்த விளிம்பைச் சுத்தியலால் தட்ட வேண்டும். அடிபட்ட விளிம்பு மெலிந்து நீளும். மற்ற பக்கம் நீளாது. அதனால் தகடு வளையும். பிறகு சூடேற்றி இளக்கிப் பிரித்தால், நடுநரம்போடு ஒரு இலை விரியும். பொடி வைத்து ஊதிப் பற்றவைக்க வேண்டிய வேலையே இல்லை. மருமகள் அனுப்பிய வீடியோவை ஆறு தடவை பார்த்ததாக மாமா ஒப்புக்கொள்கிறார்.

ஆனால் அவர் இரண்டு தாள் செலவழித்திருப்பது இலைக்காக அல்ல, இளக்குவதற்காக. அடிபட அடிபட உலோகம் இறுகும். உள்ளிருக்கும் படிக அடுக்குகள் ஒன்றில் ஒன்று சிக்கி நகர இடமில்லாமல் போகும். அதற்கு மேலும் அடித்தால் விரிசல்தான். எப்போது நிறுத்துவது? “காதில் பஞ்சு வச்சிருந்தாலும் கைக்குத் தெரியும். இளகின தகடு அடியை வாங்கிக்கும், இறுகினது சுத்தியலைத் திருப்பித் தள்ளும்.” இருபது வயதில் இதைத் தெரிந்தும் கேட்காதவர் அவர். தீபாவளி நெருக்கத்தில் ஒரு தடவை இளக்குவதை மிச்சம் பிடிக்கப் பார்த்து, வாடிக்கையாளரின் குங்குமச் சிமிழ் மூடியை விளிம்பில் பிளந்துவிட்டார். வெள்ளியைத் தன் கைக்காசில் வாங்கி ஈடு கட்டினாராம்.

92.5 சதவீத வெள்ளியை இளக்க ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸ் போதும். மங்கிய சிவப்பு தெரியும் அளவு. வெயில் விழும் மேஜையில் அந்தச் சிவப்பு கண்ணுக்கே படாது, அதனால் இருட்டு மூலையில் இடம் பிடிக்கச் சொல்கிறார். மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுச் சூடேற்றினால், கோடு மறையும் நேரம் பதம் வந்திருக்கும். இதை மருமகள்தான் போன வருஷம் அவருக்குச் சொன்னாள். இப்போது அவர் அவளுக்கே திருப்பி எழுதுகிறார். சிவப்பு அடங்கிய பிறகே வெள்ளியைத் தண்ணீரில் போட வேண்டும். அமிலத் தொட்டியில் இரும்புக் குறடு கூடாது, உள்ளே கிடக்கும் வெள்ளியெல்லாம் செம்பு பூசிக்கொண்டு வரும். தகட்டை மெலியவிடாமல் வளைக்க மட்டும் வேண்டுமென்றால் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல். துப்பட்டா, நைலான் துணி வேண்டாம். தலைமுடியைப் பற்றி மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார்.

வெள்ளியைப் பயிற்சி நடக்கும் இடத்திலேயே வாங்குவதானால் கேஜ் சொல்லிக் கேட்காதே என்பது தனி எச்சரிக்கை. பிரிட்டிஷ் அளவில் 24 கேஜ் என்பது 0.56 மில்லிமீட்டர், அமெரிக்கப் புத்தகங்களில் அதே 24 கேஜ் 0.51. மில்லிமீட்டரில் கேட்டால் குழப்பமில்லை.

பழகுவதற்குத் தாமிரத்தை அவரே வெட்டி அனுப்பிவிட்டார். அரை மில்லிமீட்டர் கனம், பத்துக்குப் பத்து சென்டிமீட்டர், பத்துத் துண்டு. கடைசித் தாளின் ஓரத்தில், வழக்கமான கணக்கெழுத்தில், “தாமிரம் 450 கிராம், பஸ்ஸில் போட்டாச்சு. கிழிஞ்சது, உடைஞ்சது எல்லாம் சேர்த்துக் கொண்டு வா. எடை போட்டுத்தான் வாங்கிக்குவேன்.”