கபடி ஆடும் நால்வர்

குழந்தைகளே! கபடியில் ஒருவர் காலைப் பிடித்துவிட்டால், மற்றவர்கள் மடக்குவது சுலபம் இல்லையா? நம் ரத்தத்திலும் அந்த ஆட்டம் நடக்கிறது.

ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்த ஓர் அணி. நுரையீரலில் ஒரு சங்கிலி ஆக்ஸிஜனைப் பிடித்ததும் அணியே சற்று அசைந்து கொடுக்கும். மற்ற மூன்றும் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். ஓடிக் களைத்த தசைக்குப் போனதும் ஒன்று விட, மற்றவையும் விட்டுவிடும்.

இவற்றில் இரண்டு சங்கிலிகள், தலைக்கு 146 அமினோ அமில மணிகள் கோத்த மாலைகள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஆறாவது மணி மாறி வந்தால், ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சிவப்பணுவை அரிவாள் போல வளைத்துவிடும். அதுவே அரிவாளணுச் சோகை நோய்.

ஒரே ஒரு மணி பிசகினாலும் ஆட்டம் கெடுகிறது, பார்த்தீர்களா?