பூக்காத குண்டுமல்லி

வாசல் பாத்தியில் வைத்த குண்டுமல்லி மூன்று வருடமாகத் தழைத்து நிற்கிறது. பூதான் இல்லை. என்ன செய்வது?
– வாசகி, திருமங்கலம்

கவலை வேண்டாம், செடி நன்றாகத்தான் இருக்கிறது. கத்தரிக்கோல்தான் படவில்லை. குண்டுமல்லி புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும்.

நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலே உள்ளதை வெட்டிவிடுங்கள். ஆசையாய் வளர்த்ததை வெட்டக் கை வராதுதான். ஆனாலும் காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாம் போகட்டும். தூரைச் சுற்றிக் கொத்தி, ஒரு கூடை மட்கிய தொழுஉரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். சில வாரங்களில் கணுக்களில் பச்சைப் புள்ளிகளாகத் தளிர் எட்டிப் பார்க்கும்.

பாத்தி மரநிழலில் இருந்தால் மட்டும் இடம் மாற்றுங்கள். நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். யூரியா போடுகிறீர்களா? நிறுத்துங்கள், அது இலையைத்தான் பெருக்கும்.

மார்ச், ஏப்ரலில் மொட்டு பறிக்கலாம்.